உன் மனைவியின் ரத்தத்தில் மிதந்த சேதி

மோகன் கண்ணு,

நீயும் சுமதியும் யாழினியும் நாளை மறுநாள் டாக்காவுக்கு விமானம் ஏறுகிறீர்கள். அங்கே புதிதாகக் கட்டியிருக்கும் பனியன் கம்பெனியில் நிட்டிங் பிரிவு முழுக்க உன் பொறுப்பு என்று நீ சொன்ன அன்று, வேலம்பாளையத்தில் நம் வீதிக்கே கேட்கும்படி சிரித்தவள் நான். ஆனால் ஒரு வாரமாக உன்னிடம் ஒன்றைச் சொல்லப் பார்க்கிறேன், முடியவில்லை. நீ குனிந்து பெட்டிக்குள் துணியை அடுக்கும்போது வாய் வரை வருகிறது. யாழினி வந்து அந்தப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள், நீ சிரிக்கிறாய், நான் விட்டுவிடுகிறேன். நேரில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன். நீயும் ‘போச்சாது விடும்மா’ என்று என் வாயை அடைத்துவிடுவாய். போச்சாது என்று விடுகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவளின் எழுத்து, பொறுத்துப் படி. இதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். தெரியாத பாதி விளங்க வேண்டும் என்றால் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உனக்குப் பிறகு நான் இரண்டு பிள்ளைகளைச் சுமந்தேன். முதலாவது பெண். உனக்கு அப்போது மூன்று வயது. மூலனூரில் நான் பிறந்த வீட்டில், உன் அம்மாயி வீட்டில்தான் பிரசவம். பிறக்கும்போது நன்றாகத்தான் அழுதாள். மறுநாள் கண்ணின் வெள்ளை மஞ்சளாயிற்று, பிறகு மூக்கு நுனி, பிறகு உள்ளங்கால். நான்காம் நாள் பால் குடிக்க வாயைத் திறக்கவில்லை. அடுத்தது இரண்டு வருடம் கழித்து. அது எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவை நிறுத்திவிட்டது. அப்போதுதான் பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் என் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். “உங்களுக்கு நெகடிவ் குரூப்புங்க, உங்க ஊட்டுக்காரருக்கு பாசிடிவ். மூத்த பையன் பாசிடிவ். அவன் பிறக்கறப்ப அவன் ரத்தம் கொஞ்சம் உங்க ரத்தத்துல கலந்திருக்கும். உங்க உடம்பு அதைப் பகைன்னு நெனச்சு எதிர்க்கக் கத்துக்கிச்சு. அடுத்து வர்ற பிள்ளைங்களை அதுதான் தாக்குது” என்றார். அவ்வளவு பொறுமையாக அவர் சொன்னதில் நம் ஒறம்பரை சொந்தக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு வரிதான். “அவ ரத்தமே ஆவாத ரத்தமாம்.” உன் பெரிய அத்தை விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்ததும் கைக்குழந்தைகளை இடுப்பு மாற்றி வைத்துக்கொள்வாள். உன் அப்பா மட்டும், “ஒண்ணு இருக்குதில்ல, அது போதும் எனக்கு” என்று சொன்னார். கண்ணை மூடுகிற வரைக்கும் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பெற்ற மகனும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிடுவானோ என்ற பயம்தான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

இரண்டாயிரம் பிறந்த மறு வருடம் உனக்குக் கல்யாணம். சுமதி வந்த ஆறே மாதத்தில் உண்டானாள், ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. அவளை நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டு நீ கம்பெனிக்கு ஓடினாய், ஏற்றுமதி அவசரம். நான்தான் கூட இருந்தேன். சாயங்காலம் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “ஏனுங்கம்மா, உங்க மருமகளுக்கு நெகடிவ் குரூப்புங்க. மூணு நாளைக்குள்ள ஒரு ஊசி போட்டாகோணும். எங்ககிட்ட இல்லீங், கோயமுத்தூர்ல இருந்து வரவெக்கோணும்” என்று ஒரு சீட்டைக் கொடுத்தாள். நெகடிவ் என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். இவளுக்கும் அதே ரத்தமா? இதைக் கிளறினால் என்னுடையதும் வெளியே வருமே! அவ்வளவுதான் எனக்கு அப்போது தோன்றியது. “கலஞ்சு போனதுக்கு எதுக்குங் ஊசி? பொறகு பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். அந்தச் சீட்டை பஸ் ஸ்டாண்டில் கிழித்துப் போட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதுதான் மோகன், உனக்குத் தெரியாத பாதி. அந்த ஊசியைப் போட்டிருந்தால் சுமதியின் உடம்பு பகையைக் கற்றுக்கொண்டிருக்காது. எனக்கு அதன் அருமை தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நர்ஸ் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. அடுத்து உனக்குப் பிறந்த ஆண் பிள்ளை இரண்டாம் நாள் மஞ்சளானபோது எல்லோரும் “வெயில்ல காட்டுங்க, சரியாயிரும்” என்றார்கள். நான் அந்த மஞ்சளை ஏற்கெனவே பார்த்தவள். கத்தினேன், ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னேன், கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம், பிள்ளையின் ரத்தத்தையே மாற்றினார்கள். நேரம் தாண்டிவிட்டது. மூன்று நாள்தான் உன் மகன் இருந்தான். திரும்பி வரும்போது நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவிநாசி தாண்டும் வரை ஒரு சத்தமும் இல்லாமல் அழுதாய். உன் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

மூன்றாம் முறை சுமதி உண்டானபோது நீ யாரையும் கேட்காமல் கோயமுத்தூரில் அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாய். என்னையும் வரச் சொன்னாய். நீ செய்த நல்ல காரியங்களில் அது பெரியது. டாக்டரம்மா இங்கிலாந்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், அதிகம் பேசமாட்டார், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே பேசுவார். பழைய காகிதங்களை எல்லாம் படித்துவிட்டு, “சுமதியோட ரத்தத்துல எதிர்ப்பு ஏறியிருக்கு. இந்தக் குழந்தையும் பாசிடிவா இருந்தா, இந்தத் தடவை வயித்துக்குள்ளயே சோகை பிடிச்சிரும். நெகடிவா இருந்தா ஒண்ணுமே ஆகாது, எதிர்ப்பு இருந்தாலும் தொடாது. அதனால முதல்ல ஒண்ணு தெரிஞ்சாகணும். மோகன், உங்க அப்பா அம்மா குரூப் என்ன?” என்றார். நீ “அப்பா இல்லீங்க. அம்மாவுக்குத் தெரியாதுங்க” என்றாய். உனக்கு பாசிடிவ் இரண்டு பக்கமும் வந்திருந்தால் எல்லாப் பிள்ளையும் பாசிடிவாகத்தான் இருக்கும், ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால் சரி பாதி வாய்ப்பு உண்டு என்று அவர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். சுமதி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு நெகடிவ்ங்க” என்றேன்.

நீ சட்டென்று திரும்பினாய். நான் உன்னைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவைத்தான் பார்த்தேன். “இவனுக்குப் பொறகு ரெண்டு போச்சுங்க. ஒண்ணு மஞ்சக்கட்டி, ஒண்ணு வயித்துலயே. அப்பவே பெரியாஸ்பத்திரியில சொன்னாங்க, நாந்தான் மறச்சுட்டேன்.” திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அம்மா, இது எவ்வளவு நல்ல சேதி தெரியுமா? நீங்க நெகடிவ்னா உங்க மகன்கிட்ட உங்க பாதி நெகடிவ்தான். அப்ப இந்தக் குழந்தைக்குச் சரி பாதி வாய்ப்பு இருக்கு. நீங்களும் பாசிடிவா இருந்து, அவர் ரெண்டு பக்கமும் பாசிடிவ் வாங்கியிருந்தா வாய்ப்பே இல்லாமப் போயிருக்கும்” என்றார். நல்ல சேதி! முப்பது வருடமாக எந்த ரத்தத்துக்காக ஒரு வளைகாப்பிலும் முன்வரிசையில் நிற்காமல் ஒதுங்கி நின்றேனோ, அந்த ரத்தத்தை ஒரு படித்த பெண் நல்ல சேதி என்று சொல்லிவிட்டார். நீ வெளியே வந்ததும், “எங்கிட்ட ஏம்மா சொல்லுல?” என்று மட்டும் கேட்டாய். பதிலுக்குக் காத்திருக்காமல் போய் மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்தாய். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அடுத்த வாரம் டாக்டரம்மா சொன்னதை நான் இன்றைக்கும் வரி வரியாகச் சொல்வேன். வயிற்றில் நீளமான ஊசியைக் குத்தி, குழந்தையைச் சுற்றியுள்ள தண்ணீரை எடுத்துப் பார்ப்பதுதான் அதுவரை இருந்த வழி. அதில் ஆபத்து உண்டு, பகையும் இன்னும் கிளறும். இப்போது வேறு வழி வந்திருக்கிறது. நச்சுக்கொடியின் செல்கள் நாளும் உதிர்ந்து உடைகின்றன. அப்போது அவற்றுக்குள் இருந்த மரபணு துணுக்குத் துணுக்காகத் தாயின் ரத்தத்தில் வந்து மிதக்கிறது. குழந்தைக்கும் நச்சுக்கொடிக்கும் மரபணு ஒன்றுதான். “சுமதிக்கு அந்த பாசிடிவ் மரபணு கிடையவே கிடையாது. அவ கையில எடுத்த ரத்தத்துல அது ஒரு துணுக்கு மிதந்தாலும் அது குழந்தையோடது. தேடி ஒண்ணுமே இல்லைன்னா குழந்தை நெகடிவ். குழந்தையைத் தொடவே வேண்டாம்” என்றார். இங்கே அப்போது யாரும் அதை வழக்கமாகச் செய்யவில்லை. அவர் கூட வேலை பார்த்த ஒருவர் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். சுமதியின் ரத்தத்தில் தெளிந்த பகுதியைப் பிரித்து, உறைய வைத்து, புகை விடும் பனிக்கட்டிக்கு நடுவில் அடைத்து அனுப்பினார்கள். நான் மெதுவாக, “அதுலயே பையனா பொட்டப்புள்ளயான்னும் தெரியுமாங்க?” என்று கேட்டேன். உனக்குக் கோபம் வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. “தெரியும். சட்டப்படி சொல்லக்கூடாது. சட்டம் இல்லாட்டியும் சொல்ல மாட்டேன்” என்றார். எனக்குச் சரியான பதில் அது.

முதல் தடவை வந்த பதில் நம்மைக் கொன்றது. பாசிடிவ் மரபணு தென்படவில்லை, ஆனால் எடுத்த ரத்தத்தில் குழந்தையுடையது போதுமான அளவு இருந்ததா என்றே உறுதியாகச் சொல்ல முடியவில்லை, நாள் கூடினால் துணுக்குகளும் கூடும், சில வாரம் கழித்து மறுபடி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்த வாரங்களில்தான் நீ சமையலறையில் சுமதியிடம், “கலைச்சுரலாம் சுமதி. இன்னொருக்கா என்னால கையில வாங்க முடியாது” என்று சொன்னாய். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கேட்டது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை கண்ணு. மூன்று நாள் பிள்ளையைக் கையில் வாங்கிக் குழியில் வைத்தவன் நீ. சுமதி சொன்னதும் கேட்டது. “ரெண்டுல ஒண்ணு தெரியற வரைக்கும் நான் யாருக்கும் இடம் கொடுக்க மாட்டேனுங்க. பாசிடிவ்னாலும் வயித்துக்குள்ளயே ரத்தம் ஏத்தற டாக்டருங்க இருக்காங்களாம். போலாம். எங்க வேணாலும் போலாம்.” எவ்வளவு சின்ன உருவம் அவள், என்ன குரல் அது!

அவளுக்கு முன்னால் இனி மறைத்துக்கொண்டு நிற்க முடியாது என்று தோன்றியது. மறுநாள் நீ வேலைக்குப் போனதும் அந்த நர்ஸ், அந்தச் சீட்டு, பஸ் ஸ்டாண்டு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. “அந்த ஊசிய நீங்கதான் வேண்டான்னீங்களா அத்தெ?” என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். பதினேழு நாள் என்னிடம் பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேச்சு மட்டும் இல்லை. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் ஏதோ சண்டை என்று நினைத்து நீ இரண்டு பேருக்கும் பூ வாங்கி வந்தாய். அவள் உன்னிடம் சொல்லவே இல்லை, இன்று வரைக்கும். எனக்காக மறைத்தாள் என்று அவள் மேல் கோபப்படாதே. சொல்ல வேண்டியது என் வேலை என்று எனக்கே விட்டு வைத்திருந்தாள். அந்த வேலையைத்தான் இப்போது செய்கிறேன்.

பதினெட்டாம் நாள் பகலில், இரண்டாம் தடவை அனுப்பிய ரத்தத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று டாக்டரம்மாவிடமிருந்து உனக்கு போன் வந்தது. நிட்டிங் ஷெட்டில் வட்ட மெஷின்கள் எல்லாம் ஓடும் இரைச்சலில் செல்போனைக் காதில் அழுத்திக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் வெளியே ஓடினாயாம். உன் கூட வேலை பார்த்தவர்கள் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். “நெகடிவ்! நெகடிவ்!” என்று நீ கத்தியதும் ஏதோ டெஸ்டில் உனக்குப் பெரிய கேடு வந்துவிட்டது என்று ஆபரேட்டர்கள் ஓடி வந்து உன்னைப் பிடித்துக்கொண்டார்களாம். நீ அவர்களைக் கட்டிப்பிடித்து அழுதாயாம். பீகார்க்காரப் பையன் ஒருவன் விஷயம் புரியாமலே உன்னோடு சேர்ந்து அழுதானாம். இந்தத் தடவை சந்தேகமே இல்லை, குழந்தையின் துணுக்குகள் நிறைய இருந்தன, பாசிடிவ் மரபணு ஒன்றுகூட இல்லை. நீ வீட்டுக்கு வந்து வாசலிலேயே செருப்போடு உட்கார்ந்துவிட்டாய். சுமதி உள்ளேயிருந்து வந்து, உன்னைத் தாண்டி, நேராக என்னிடம் வந்தாள். “அத்தெ, உங்க ரத்தமுங்க!” என்றாள். பதினேழு நாள் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. இன்று வரை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கக்கூடிய பொருள் இல்லை அது. ஆனால் பிரசவ அறைக்குள் ஒருவர்தான் வரலாம் என்றபோது, தன் அம்மா நின்றிருக்க, “அத்தெ இருக்கட்டுங்க” என்றாள்.

அதனால் உன் மகள் பிறந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். சிவந்த பிள்ளை. கொடியில் எடுத்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு நர்ஸ் வந்து நெகடிவ் என்று சொன்னாள், இங்கிலாந்தில் பார்க்காமலே சொன்னது அப்படியே சரியாக இருந்தது. நான் அதோடு விடவில்லை. இரண்டாம் நாள் ஜன்னலருகே கொண்டு போய்க் கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன், வெள்ளை. மூன்றாம் நாள் உள்ளங்காலை அழுத்திப் பார்த்தேன், ரோஜா நிறம். நான்காம் நாள் பசியில் அவள் அழுத அழுகைக்கு அந்த வார்டே விழித்துக்கொண்டது. “பாட்டிம்மா, பிள்ளையை அழ வைக்காதீங்க” என்று ஆயா திட்டினாள். “அழுவட்டும் விடுங்க, இன்னுங் கொஞ்சம் அழுவட்டும்” என்றேன். நான் பெற்றதும் நீ பெற்றதும் தாண்ட முடியாத நாளை அந்த இத்துனூண்டு தாண்டிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு துணிச்சல் வந்தது, அது உனக்குத் தெரியாது. நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் பழுது பார்க்கும் எங்கள் செக்கிங் செக்சனில் நாற்பது பெண்கள். ஒரு நாள் டீ இடைவேளையில் எழுந்து நின்று, “எனக்கு நெகடிவ் குரூப்பு. மறச்சதால என்ற பேரனைப் பறிகொடுத்தேன். மாசமா இருக்கறவங்க, கண்ணாலம் ஆவப்போறவங்க எல்லாரும் குரூப்பு பாருங்க” என்று சத்தமாகச் சொன்னேன். கேலி செய்தவர்களும் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த செல்வி என்ற பெண் மட்டும் மறுநாள் என்னிடம் வந்து, “யக்கா, பாத்தேன், நெகடிவ்னு இருக்கு. அவுகளுக்கு பாசிடிவ். என்ன செய்யணும்?” என்றாள். அது அவளுக்குத் தலைப்பிரசவம். நான் கூடவே போனேன். பிள்ளை பாசிடிவ் என்று தெரிந்த அன்றே அந்த ஊசியைப் போட வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். போன மாதம் அவளுக்கு இரண்டாவது பிறந்தது, ஆண் பிள்ளை. ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. நான் போயிருந்தபோது தொட்டிலிலிருந்து தூக்கி, கேட்காமலே என் மடியில் வைத்தாள்.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்தி அதிகம் இல்லை. அந்த ஊரில் பாஷை தெரியாது, மெஷின் தெரியும், சமாளித்துவிடுவாய். வேலைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. உங்களுக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்று தோன்றினால், உண்டானதும் முதல் வாரமே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள், காகிதங்களை நீல உறையில் போட்டு சுமதியிடம் கொடுத்திருக்கிறேன். அப்போதும் பாதிக்குப் பாதிதான், ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம், தெரிந்தால் போராடலாம். என் மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். வந்தால் அடக்கிக்கொள்ளாதே, போனில் திட்டு. திட்டுவதற்காகவாவது நீ கூப்பிட்டால் எனக்குப் போதும்.

ஒன்றே ஒன்று மட்டும் நீ எனக்குச் செய்ய வேண்டும். யாழினிக்கும் நெகடிவ்தான். அவள் பெரியவளானதும், இதை ஒரு நர்ஸ் வாயிலிருந்து தனியறையில் அவள் கேட்கக்கூடாது. ஒரு நாள் காலையில், வெளிச்சத்தில், பக்கத்தில் உட்கார வைத்து நீயே சொல். எந்த நேரத்தில் எந்த ஊசி என்று சொல். எதற்கும் தலை குனிய வேண்டாம் என்று சொல். யாரிடமிருந்து வந்தது என்று அவள் கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் என் பெயரைச் சொல்.